லகாட் சாலைக் கணக்கு



மூடப்பட்டு வரும் நம்மவர் கடைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களும் புலனச் செய்திகளும் இன்னும் நின்றபாடில்லை. பாதிப் பேருக்குப் புலம்பல். புடவையை இணையத்தில் வாங்குகிறார்கள், பிள்ளைகள் கடையில் உட்கார மாட்டேன் என்கிறார்கள், வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது, இனி நம் பிழைப்பு என்ன ஆகுமோ என்கிறார்கள். மீதிப் பாதிப் பேருக்கு அறிவுரை. காலத்துக்கு ஏற்ப மாறு, மாறாதவன் காணாமல் போவான் என்கிறார்கள்.

அறிவுரை சொல்பவர்களோடுதான் எனக்குக் கொஞ்சம் சண்டை. பேராக் மாநிலத்துத் தமிழனுக்கு 'மாறு' என்று யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். மூன்று தலைமுறையாக அவன் மாறிக்கொண்டுதான் இருக்கிறான். பால் வெட்டியவன் செம்பனைக் குலை வெட்டினான். அவன் மகன் லாரி ஓட்டினான், பேத்தி தொழிற்சாலையில் சில்லுக்குக் கம்பி வைத்தாள், பேரன் இப்போது முதுகில் பெட்டியைக் கட்டிக்கொண்டு உணவு கொண்டுபோகிறான். இத்தனை மாறியும் சில குடும்பங்கள் ஏன் அதே இடத்தில் நிற்கின்றன என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு ஒரு சாலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஈப்போவில் நம் சின்ன இந்தியாவிலிருந்து புறப்படுகிறது ஜாலான் லகாட். பூக்கடை, துணிக்கடை, மளிகை, வாழையிலைச் சாப்பாடு என்று தொடங்கி, மெங்லெம்பு வழியாக லகாட் போய்ச் சேர்கிறது. அதற்கப்பால் பாப்பான், பூசிங், பத்து காஜா. எல்லாமே ஒரு மோட்டார் சைக்கிளில் காலையில் புறப்பட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம். பணக்கார நாடுகள் நூற்றாண்டுக் கணக்கில் பார்த்த பொருளாதார மாற்றங்கள் அத்தனையும் இந்தத் துண்டுச் சாலையில் வந்து போயிருக்கின்றன. ஈயம் வந்தது, கித்தா வந்தது, செம்பனை வந்தது, அபூர்வ மண் ஆலை வந்தது. இப்போது காப்பிக்கடைச் சுற்றுலா வந்திருக்கிறது.

கித்தாவிலிருந்து தொடங்கலாம். பிரேசிலிலிருந்து விதையாகப் போய், லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, சிங்கப்பூர் வந்த கன்றுகளில் சில 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே வேலி கட்டி நிற்கிறது. கொஞ்ச காலம் அது அலங்கார மரம்தான். மோட்டார் கார் வந்த பிறகுதான் காட்டை அழித்துக் கித்தா நட ஆரம்பித்தார்கள். 1910-இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. 1932-இல் அதே ராத்தல் 2 பென்ஸுக்கும் கீழே இறங்கியது. பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங். கணக்குப் போட்டுப் பாருங்கள், எழுபதில் ஒரு பங்குகூட இல்லை.

அந்தச் சரிவில் நம்மவர்களுக்கு என்ன நடந்தது? 1930 முதல் 1932 வரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஊரில் பஞ்சம் என்று கப்பலேறி வந்தவர்களை, இங்கே விலை இல்லை என்று கப்பலேற்றினார்கள். இருந்தவர்களுக்குக் கூலி வெட்டு. வெட்டுபவனின் கையில் எந்தக் குறையும் இல்லை, அவன் நேற்று வெட்டிய மாதிரியேதான் இன்றும் வெட்டினான்.

பால் வெட்டைப் பார்க்காத பிள்ளைகள் இப்போது நம் வாசகர்களில் அதிகம். அவர்களுக்காக ஒரு வார்த்தை. விடியுமுன் பெரட்டு. பேர் கூப்பிட்டு, நிரை பிரித்துக் கொடுத்ததும் காட்டுக்குள் இறங்கவேண்டும். வெயில் ஏறினால் மரம் பாலைச் சுண்டிக்கொள்ளும் என்பதால் இருட்டிலேயே தலைவிளக்கோடு வேலை. முதலில் பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போடவேண்டும். அப்புறம் கத்தியை வைத்து, சாய்வான கோட்டில், பட்டையை ஒரு காசுக் கனத்துக்கு மட்டும் சீவவேண்டும். ஆழம் கூடினால் மரத்தில் காயம். அந்த இடம் புடைத்துக்கொண்டு பிறகு வெட்டவே வராது, கிராணியிடம் ஏச்சு. ஆழம் குறைந்தால் பால் வராது, கூலி வராது. இப்படி நானூறு, ஐந்நூறு மரம். வெட்டி முடித்துப் பசியாறிவிட்டு, மங்கு மங்காகப் பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் தூக்கி வந்து ஸ்டோரில் நிறுக்கவேண்டும். மழை வந்தால் அன்றைக்கு ஒன்றுமில்லை. இதைத் திறன் வேண்டாத வேலை என்று அரசாங்கப் பட்டியல்கள் எழுதின. அந்தக் கத்தியைப் பிடித்துப் பார்க்காத யாரோதான் அப்படி எழுதியிருக்கவேண்டும்.

ஆனால் நான் சொல்லவந்தது கத்தியைப் பற்றி அல்ல, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைப் பற்றி. தோட்டத்தில் வேலை இருந்தவரைக்கும் வீடு உண்டு. தண்ணீர், ஆயாக்கொட்டகை, மருந்துக் கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் மளிகைக் கடை எல்லாம் அந்த வேலையோடு வந்தன. ஆகவே வேலை போனபோது வீடும் போனது, பள்ளியும் போனது, மாரியம்மனும் போனாள், எதிர்வீட்டு அக்காவும் போனாள். ஒரு தொழில் நொடிப்பது உலகத்தில் எங்கும் நடப்பதுதான். மான்செஸ்டரில் பஞ்சாலை மூடினார்கள், மும்பையில் மூடினார்கள், கோயம்புத்தூரிலும் மூடினார்கள். அங்கெல்லாம் வேலை இழந்தவன் மறுநாள் காலையில் பெரும்பாலும் தன் வீட்டில்தான் கண்விழித்தான். நம்மவன் கண்விழித்த இடம் புறம்போக்கு நிலம்.

பத்து காஜா பக்கம் கெல்லிஸ் காசல் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்திலிருக்கும் மாரியம்மன் கோயிலையும் எட்டிப் பாருங்கள். கிந்தா கெல்லாஸ் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் மாளிகை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் வேலையாட்கள் காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர் கோயில் கட்டிக்கொடுத்தார். கோயில் கூரையில் தெய்வச் சிலைகளோடு வெள்ளைச் சட்டை போட்ட துரை ஒருவரும் நிற்கிறார். 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனார், மாளிகை பாதியில் நின்றது. இன்று அந்த மாளிகைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறோம். அதைக் கட்டியவர்களின் லயங்களுக்கு அப்படி யாரும் வேலி போட்டு வைக்கவில்லை. மிச்சம் இருப்பது பள்ளிப் பெயர்ப்பலகைகளில்தான். ஈப்போ, பத்து காஜா வட்டாரத்தில் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. தோட்டத்தைத் தேடினால் தாமான்தான் கிடைக்கும். சுதந்திரம் கிடைத்த 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று ஏறக்குறைய 530.

வேலையோடு வீட்டைக் கட்டிவைத்த இந்தக் கயிற்றை அறுக்க முயன்ற ஒருவரையும் சொல்லியாகவேண்டும். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டாடல் என்று அன்று பத்திரிகைகள் எழுதியது இதைத்தான். துண்டு நிலத்தை வாங்கியவருக்கு லயத்துக் குடும்பங்கள் தேவைப்படவில்லை. அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், இந்த வட்டார மண்ணை அறிந்தவர். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். பால் வெட்டுபவரின் சம்பளத்தில் பத்து வெள்ளி சின்னக் காசில்லை. கட்டினார்கள். கெடாவில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தோட்டங்கள் வாங்கப்பட்டன, அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. சம்பந்தனைப் பற்றி அரசியலில் ஆயிரம் குறை சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் வீட்டையும் நிலத்தையும் வேலையிலிருந்து பிரித்துத் தொழிலாளி கையில் கொடுக்கவேண்டும் என்பதை அவரைப்போல் சரியாகப் பிடித்தவர் அன்று வேறு யாருமில்லை. எல்லாத் தோட்டத்துக்கும் அது எட்டவில்லை என்பதே வருத்தம்.

அதே தலைமுறைக்கு இன்னொரு அடி 1969-இல் விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. இங்கேயே பிறந்து இங்கேயே பால் வெட்டியும், நீல அடையாளக் கார்டுக்கு மனுப் போடாமல் விட்ட பல்லாயிரம் பேர் கப்பலேற வேண்டியதாயிற்று. படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஆளில்லாததால் ஒரு குடும்பம் நாடு மாறியது. கடிதம் எழுதும் இளைஞர்களே, அரசாங்கப் படிவம் என்றால் சலித்துக்கொள்கிறீர்களே, உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள்.

செம்பனை வந்த கதை உங்களுக்குத் தெரியும். ரப்பருக்கு வேண்டிய ஆளில் பாதிகூட அதற்கு வேண்டாம். ஆனால் அதற்குள்ளேயே நடந்த ஒரு சிறு மாற்றம் பலருக்குத் தெரியாது. முன்பு செம்பனைப் பூவில் மகரந்தத்தைக் கையால்தான் தூவவேண்டும். மரம் மரமாகப் போய்ப் பூத்தூள் தூவும் வேலை பெரும்பாலும் பெண்களுக்கு. ஆப்பிரிக்காவில் இந்த வேலையை ஒரு சின்ன வண்டு செய்கிறது என்று கண்டுபிடித்து, 1981-இல் கமரூனிலிருந்து அதைக் கொண்டுவந்து இங்கே பறக்கவிட்டார்கள். வண்டு நன்றாக வேலை செய்தது. விளைச்சல் கூடியது, கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம். தூவிக்கொண்டிருந்த கைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இயந்திரமும் கணினியும்தான் வேலையைத் தின்னும் என்று நினைக்கிறோம். அரிசிமணி அளவு வண்டும் தின்னும். அதற்காக வண்டைத் திட்ட முடியாது. அந்த லாபத்தில் ஒரு சின்னப் பங்கு அந்தப் பெண்களின் பிள்ளைகள் படிக்கப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஈயத்தின் முடிவு இன்னும் வேகம். கிந்தாப் பள்ளத்தாக்கு உலகத்துக்கே ஈயம் கொடுத்தது, ஈப்போவைக் கோடீஸ்வரர் நகரம் என்றார்கள். தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டிய ஈயக் கப்பல் 1982 வரை தோண்டியது, இப்போது பத்து காஜா அருகே அருங்காட்சியகமாக மிதக்கிறது. உலகச் சந்தையில் விலை விழாமல் இருக்க, பன்னாட்டு ஈய மன்றம் கடன் வாங்கி ஈயத்தை வாங்கிக் குவித்துவந்தது. 1985 அக்டோபர் 24-ஆம் தேதி காசு தீர்ந்துவிட்டது. லண்டனில் ஈய வணிகத்தை நிறுத்தினார்கள். அதன் பிறகு விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. அதற்குள் அலுமினிய டப்பா வேறு வந்துவிட்டிருந்தது. பூசிங், லகாட், கம்பார் வட்டாரத்துச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. இந்த அடியைப் பெரும்பகுதி வாங்கியது சீனக் குடும்பங்கள். ஆனால் சுரங்கத்துக்காரரிடம் பால் விற்றவர், அவர் லாரியை ஓட்டியவர், அவர் துணியை வெளுத்தவர் எல்லாம் நம்மவர்கள். ஒரு ஊரின் வருமானம் போனால் எந்தக் கடைக்காரரும் இனம் பார்த்துத் தப்ப முடியாது.

சுரங்கம் மூடுவதற்கு முன்பே லகாட் பக்கம் வேறொன்று வந்திருந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இன்றைய இளைஞர்களில் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கிறது. ஈயம் கழுவிய பிறகு மிஞ்சும் கறுப்பு மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதிலிருந்து இட்ரியம் போன்ற அபூர்வ மண் தனிமங்களைப் பிரிக்கலாம். ஜப்பானின் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு அன்று அவை தேவைப்பட்டன. வீணாகக் கொட்டிய மணலில் காசு! மிட்சுபிஷி கம்பெனியும் உள்ளூர்ப் பங்காளிகளும் சேர்ந்த ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் லகாட் அருகே புக்கிட் மேராவில் ஓடத் தொடங்கியது. தொழில்நுட்பம், வெளிநாட்டு முதலீடு, வேலைவாய்ப்பு என்று இன்று நாம் கைதட்டி வரவேற்கும் அத்தனையும் அதில் இருந்தன. தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவும் இருந்தது. அதைப் பற்றி ஊர்மக்களிடம் யாரும் வாய்திறக்கவில்லை.

கழிவைப் புதைக்கப் பாப்பானில் பள்ளம் வெட்டியபோது அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள். புக்கிட் மேராக்காரர்கள் 1985-இல் ஈப்போ உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். கருக்கலைவு, குறையோடு பிறந்த குழந்தைகள், பிள்ளைகளுக்கு இரத்தப் புற்று என்று வீட்டுக்கு வீடு கதைகள் இருந்தன. வழக்கில் மக்கள் பக்கம் நின்ற வழக்கறிஞர் மீனாட்சி ராமனும், ஊர்க் குழுத் தலைவர் ஹியூ யூன் தாட்டும் 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கையில் உள்ளே தள்ளப்பட்டவர்கள். 1992 ஜூலையில் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. சில வாரங்களில் உச்சநீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்திவைத்தது. மூடினால் கம்பெனிக்கும் அதன் 183 தொழிலாளர்களுக்கும் இடர் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். 1993 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் மக்கள் தோற்றார்கள். ஆனால் 1994 ஜனவரியில் கம்பெனி தானாகவே கதவை மூடிக்கொண்டது. துப்புரவு செய்து கழிவைக் கிளேடாங் மலைத்தொடரில் புதைக்க 10 கோடி அமெரிக்க டாலர் அளவுக்குச் செலவானதாகப் பின்னாளில் செய்தி வந்தது.

அந்த 183 பேரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான், அவர்கள் பிள்ளைகளும் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள். வேலையா, பிள்ளையின் உயிரா என்று ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே அநியாயம். இப்போது மின்சாரக் காருக்கும் கைப்பேசிக்கும் அபூர்வ மண் வேண்டும் என்று உலகமே அலைகிறது. பேராக்கின் வடக்கே கெனெரிங்கில் முன்னோட்டச் சுரங்கமும் தொடங்கியாயிற்று. முறை வேறு, காலம் வேறு என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச வருகிற எந்த அமைச்சரும் முதலில் லகாட் சாலையில் ஒரு நாள் வந்து உட்காரட்டும் என்பது என் கட்சி.

இத்தனை சோகத்துக்கு நடுவே இதே ஈப்போவில் மாற்றத்தைத் தன் போக்குக்குத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. புந்தோங்கின் கச்சாங் பூத்தே கம்பத்தைத்தான் சொல்கிறேன். ஒருகாலத்தில் சைக்கிளில் பெட்டி கட்டி, சினிமா கொட்டகை வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் நின்று, பழைய காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக் கடலையும் முறுக்கும் விற்றவர்கள். சினிமா கொட்டகைகள் மூடின. அத்தோடு இவர்கள் கதையும் முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. வீட்டுக் கொல்லையில் வறுத்ததைப் பொட்டலம் கட்டிக் கடைகளுக்குப் போட்டார்கள். அப்புறம் பேரங்காடிகள், கோலாலம்பூர், சிங்கப்பூர். தீபாவளிக்கு மட்டும் என்று இருந்த வியாபாரம் நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் சேர்த்து ஓடுகிறது. இப்போது சுற்றுலாப் பேருந்தே அங்கே வந்து நிற்கிறது.

அவர்கள் அதிபுத்திசாலிகள் என்பதால் இது நடந்தது என்று நான் நம்பவில்லை. தோட்டத்து ஆள் என்ன குறைந்தவனா? வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அடுப்பு அவர்களுடையது, சட்டி அவர்களுடையது, வாங்குபவர் ஒருவர் அல்ல, பலர். ஒரு கடைக்காரர் வேண்டாம் என்றால் இன்னொருவரிடம் போகலாம். வியாபாரம் படுத்தாலும் தூங்க ஒரு கூரை உண்டு. அந்தக் கூரையின் கீழ் இருந்து யோசிக்க ஒரு மாதம் கிடைக்கும். மாறுவதற்கு மூளையைவிட அந்த ஒரு மாதம்தான் முக்கியம். லயத்துக்காரனுக்குக் கிடைக்காதது அதுதான்.

அவர்களுக்கும் புதுத் தலைவலி இருக்கிறது. பேரங்காடிக்காரர் ஹலால் சான்றிதழ் கேட்கிறார், பட்டைக்கோடு கேட்கிறார், பொட்டலத்தின் பின்னால் சத்து அட்டவணை கேட்கிறார். காசு மட்டும் இரண்டு மூன்று மாதம் கழித்துத் தருகிறார். 2024 ஆகஸ்டில் பெரிய கம்பெனிகளுக்குத் தொடங்கிய இ-இன்வாய்ஸ் படிப்படியாகக் கீழே இறங்கி வருகிறது. கொதிக்கிற எண்ணெயைப் பார்த்துக்கொண்டே கணினியும் பார்க்கவேண்டும். வீட்டில் கல்லூரி முடித்த மகள் இருந்தால் சமாளிக்கலாம். நம் வணிகச் சங்கங்கள் விருந்தும் பொன்னாடையும் போடும் செலவில் கால்வாசியை எடுத்து, ஊருக்கு ஒரு கணக்குப் பிள்ளையை இதற்கென்று வைத்துத் தரக்கூடாதா?

முடிதிருத்தும் கடைக்காரர்கள், நகைப் பட்டறைக்காரர்கள், துணிக்கடைக்காரர்கள் எழுதிய கடிதங்களில் ஆள் பற்றாக்குறைதான் தலைப்பு. 2009-இல் நிறுத்தப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர் அனுமதி 2023-இல்தான் இந்த மூன்று துறைக்கும் 7,500 பேர் என்று மறுபடி கிடைத்தது. நல்லதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. உங்கள் கடையில் இருபது வருடமாகக் கத்தரி பிடித்தவருக்கு இ.பி.எஃப். கட்டினீர்களா? விடுமுறை கொடுத்தீர்களா? தமிழ்நாட்டிலிருந்து வந்த பையனைக் கடைக்கு மேலேயே படுக்கவைத்து, வேலையும் தங்குமிடமும் ஒரே சாவியில் பூட்டி வைத்திருந்தால், அது லயத்தின் இன்னொரு வடிவம்தானே? நம் தாத்தாவுக்குத் துரை செய்ததை நாம் யாருக்கும் செய்யவேண்டாம். மரியாதையும் சம்பளமும் இருந்தால் இங்குள்ள பிள்ளைகளும் கத்தரி பிடிப்பார்கள் என்று சொல்லும் கடைக்காரர்களும் ஈப்போவில் இருக்கிறார்கள்.

பத்திரிகை நடத்தும் எங்கள் பிழைப்பும் தப்பவில்லை. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' தொண்ணூற்று நான்கு ஆண்டு ஓடி, 2019-இல் நின்றது. தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்ட பத்திரிகை. தாள் விலை, தபால் செலவு, கைப்பேசி எல்லாம் எங்களையும் நெருக்குகின்றன. இந்த இதழ் இன்னும் உங்கள் கைக்கு வருகிறதென்றால் சந்தாவை மறக்காத உங்களால்தான்.

கடைசியாக, மோட்டாரில் உணவும் பொருளும் கொண்டுபோகும் நம் பிள்ளைகளைப் பற்றி. அவர்களுக்கும் விலை எங்கோதான் போடப்படுகிறது. இந்தத் தடவை லண்டன் இல்லை, கைப்பேசிக்குள் இருக்கும் ஏதோ ஒரு கணக்கு. மழை பெய்தால் கூடும், மறுநாள் காரணம் சொல்லாமல் குறையும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற மக்களவை கிக் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்ட மசோதாவை நிறைவேற்றியது. வரவேற்போம், நடைமுறையில் எப்படி வருகிறது என்றும் பார்ப்போம். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாதவை இரண்டு உண்டு. ஒன்று, சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோ பாதுகாப்பு. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது, ஆண்டுக்குச் சில நூறு வெள்ளியில் விபத்துக்குக் காப்பு. இன்னொன்று, இ.பி.எஃப். நடத்தும் ஐ-சாரான். மாதச் சம்பளம் இல்லாதவரும் முடிந்தபோது முடிந்ததைப் போடலாம். போடும் தொகைக்கு 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை அரசாங்கம் சேர்த்துத் தருகிறது. பூக்கட்டும் அம்மா, முறுக்கு சுடும் அக்கா, வீட்டில் தையல் தைப்பவர், மோட்டார் ஓட்டும் தம்பி எல்லாருக்கும் இது உண்டு. நம்மவர்களில் எத்தனையோ பேர் சேராமல் இருக்கிறார்கள். காரணம் கேட்டால் யாரும் சொல்லவில்லை என்கிறார்கள். இதோ சொல்லிவிட்டேன். இந்த இதழைப் படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பையனிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

உங்களிடம் ஒரு கோரிக்கையும் உண்டு. லகாட், பாப்பான், பூசிங், பத்து காஜா வட்டாரத்துத் தோட்டங்களில் வேலை செய்தவர்களின் வீடுகளில் சம்பளச் சீட்டு, பெரட்டுப் படம், தோட்டத்தைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதம், கூட்டுறவுச் சங்கப் பங்குச் சீட்டு ஏதாவது தகரப் பெட்டியில் கிடக்கலாம். அசலை அனுப்ப வேண்டாம், கைப்பேசியில் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யாருடையது என்று இரண்டு வரி போதும். தீபாவளி மலரில் இருபது பக்கம் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்